ஆறாவது விரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு 9 வயது. பிறக்கும்போது எடை சரியாகத்தான் இருந்தது. இரண்டு கால்களிலும் இடது கையிலும் சுண்டுவிரலை ஒட்டி ஒரு விரல் கூடுதலாக இருந்தது. ஒரு வயதுக்குள் எடுத்துவிட்டார்கள், நாங்களும் மறந்துவிட்டோம். அதற்குப் பிறகு எடை ஏறிக்கொண்டே போகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி என்கிறாள். சமையலறையைப் பூட்டி வைத்தும் பார்த்தோம். இரண்டு வருடமாக, வெளிச்சம் குறைந்தால் படியில் தடுமாறுகிறாள். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. இப்போது ஈஆர்ஜி என்று ஒரு பரிசோதனை செய்து, விழித்திரையில் ராட் செல்கள் பலவீனமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். இரவில் படுக்கையை நனைப்பதால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துவிட்டோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். நாலு டாக்டர்களிடம் நாலு ஃபைல் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த கண் டாக்டர் ‘பார்டே-பீடல் சிண்ட்ரோமாக இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார். இணையத்தில் படித்ததிலிருந்து எங்களுக்குத் தூக்கமில்லை. இது அதுதானா? பார்வை போய்விடுமா? 3 வயது மகனுக்கும் வருமா? மனைவி அளவில்லாமல் ஊட்டிக் கெடுத்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பதில்: முதலில் தண்ணீர். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். இன்று இரவிலிருந்தே அவள் கேட்கும்போது தண்ணீர் கொடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

காரணம் சொல்கிறேன். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரைச் சுண்ட வைத்து நீரை மிச்சப்படுத்துவது சிறுநீரகத்தின் வேலை. இந்த சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பலருக்கு அந்தத் திறன் குறைவாக இருக்கும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதாவது, அவள் நிறையக் குடிப்பதால் நிறையச் சிறுநீர் போகிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். நிறையப் போவதால்தான் குடிக்கிறாள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். தண்ணீரை நிறுத்தினால் படுக்கை காயாது, உடம்புதான் காயும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும் நாட்களில் இது ஆபத்தாகிவிடும். ஏதாவது ஆபரேஷனுக்கு முன் பல மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், இவளுக்கு இந்தச் சிக்கல் உண்டு என்பதை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளியிலும் ஒரு கடிதம் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும், கழிப்பறைக்குப் போக அவள் கை தூக்கி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: தாகமும் அடிக்கடி சிறுநீரும் சர்க்கரை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இந்த சிண்ட்ரோமில் அந்த வாய்ப்பும் அதிகம். ரத்தச் சர்க்கரை பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். இது அதுதானா?

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்வது என் பழக்கமில்லை. ஆனாலும் உங்கள் கண் டாக்டர் எழுதியதைப் படித்தபோது, ‘அப்பாடா, ஒருவராவது சேர்த்துப் பார்த்தாரே’ என்றுதான் தோன்றியது. இந்த நோயைக் கண்டுபிடிக்க 1999-இல் வகுத்த அளவுகோல் ஒன்றை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் ஆறு முக்கிய அடையாளங்கள்: விழித்திரைச் சிதைவு, கூடுதல் விரல், சிறு வயதிலேயே தொடங்கும் உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு, கற்றலில் சிரமம், இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சிக் குறை. இவற்றில் நான்கு இருந்தால் போதும். மூன்று மட்டும் இருந்தால், பேச்சு தாமதமாக வருவது, பல் நெருக்கம், சர்க்கரை நோய், நடையில் தள்ளாட்டம் போன்ற சிறு அடையாளங்களில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். உங்கள் மகளுக்கு முதல் நான்கும் இருக்கின்றன. மரபணுப் பரிசோதனையில்தான் உறுதியாகும். ஆனால் அது வரும்வரை சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இது அதுதான் என்று வைத்துக்கொண்டே கவனிப்பைத் தொடங்கிவிடுங்கள்.

நான்கு அடையாளங்களில் மூன்று, நோய் மெல்ல மெல்லக் காட்டிக் கொடுத்தவை. ஒன்றுதான் பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. அதைத்தான் முதலில் வெட்டி எடுத்துவிட்டோம். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கூடுதல் விரலோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வேறு எந்தக் கோளாறும் கிடையாது. ஆறு விரல் என்றாலே பயப்படத் தொடங்கினால் ஊரையே பயமுறுத்த வேண்டியிருக்கும். ஆனால் ஆறு விரலோடு பிறந்த குழந்தைக்கு எடையும் ஏறுகிறது, இருட்டில் தடுமாற்றமும் இருக்கிறது என்றால் கதை வேறு.

நானும் இதில் ஒரு முறை தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், எடை அதிகம் என்று ஒரு பையனை அழைத்து வந்தார்கள். ‘இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா’ என்று கேட்டேன். ‘இல்லை’ என்றார்கள். பொய் சொல்லவில்லை, பிறந்த சில நாட்களில் நூலால் இறுக்கிக் கட்டி உதிர வைத்த விரலை யார் ஆபரேஷன் என்று நினைப்பார்கள்? இரண்டு வருடம் கழித்து, வேறு எதற்கோ அவன் செருப்பைக் கழற்றியபோதுதான் பாதத்தின் ஓரத்தில் அந்தச் சின்னத் தழும்பைப் பார்த்தேன். அன்றிலிருந்து ‘ஆபரேஷன் நடந்ததா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘பிறக்கும்போது கையில் காலில் எத்தனை விரல்’ என்று கேட்கிறேன்.

சரி, விரலுக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்? நூறு வருடத்துக்கும் மேலாக டாக்டர்களுக்கே இது புரியவில்லை. 1866-இல் லண்டனில் லாரன்ஸ், மூன் என்ற இருவர், பார்வைக் குறையும் பருமனும் கொண்ட நான்கு உடன்பிறப்புகளைப் பற்றி எழுதினார்கள். 1920-இல் பிரான்ஸில் ஜார்ஜ் பார்டே தன் ஆய்வேட்டில் பருமன், கூடுதல் விரல், விழித்திரை நோய் மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதை விவரித்தார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் காரணம் என்று அவர் கருதினார். 1922-இல் ஆர்தர் பீடல் இதே சேர்க்கையைப் பற்றி எழுதினார். பெயர் அப்படித்தான் வந்தது. காரணத்துக்கான உண்மையான துப்பு 2003-இல்தான் கிடைத்தது.

நம் உடம்பின் பெரும்பாலான செல்களில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரோமம்போல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சிலியா என்போம். பள்ளிப் பாடத்தில் குற்றிழை என்று படித்திருப்பீர்கள். வெகுகாலம் அதை வேலையில்லாத மிச்சம் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அது செல்லின் ஆன்டெனா. வெளியிலிருந்து வரும் சேதிகளை அங்கேதான் செல் வாங்குகிறது. அந்த ஆன்டெனாவுக்குள் பொருட்களை ஏற்றி இறக்க எட்டுப் புரதங்கள் சேர்ந்த ஒரு குழு இருக்கிறது. அந்தப் புரதங்களையோ, அவற்றைக் கூட்டிச் சேர்க்க உதவும் புரதங்களையோ உண்டாக்கும் மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதானால் இந்த நோய் வரும். இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

கருவில் கை கால் உருவாகும்போது ‘ஐந்தோடு நிறுத்து’ என்ற சேதி போவது இந்த ஆன்டெனா வழியாகத்தான். சேதி தப்பினால் ஆறாவது விரல் முளைக்கும். கண்ணின் ராட் செல்லில் ஒளியைப் பிடிக்கும் புரதங்கள் ஓரிடத்தில் உருவாகி, ஒரு மெல்லிய கழுத்து வழியாக மறுபக்கம் போக வேண்டும். அந்தக் கழுத்தும் ஒரு சிலியாதான், ஒற்றையடிப் பாதை மாதிரி. அங்கே போக்குவரத்து குலைந்தால் செல் மெல்லச் சாகும். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பது ராட் செல்களின் வேலை என்பதால் முதலில் மாலைக்கண் வருகிறது. சிறுநீரகத்தின் குழாய்களிலும் இதே கதை, அதனால் நீர்க்கட்டிகள். கடைசியாகப் பசி. உடம்பில் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்ததும் லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குச் சொல்ல வேண்டும், ‘போதும், நிறுத்து’ என்று. இந்தக் குழந்தைகளின் மூளையில் அந்தச் சேதி சரியாகப் பதிவாவதில்லை.

இந்த இடத்தில் உங்கள் மனைவியைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் மகள் பிறக்கும்போது சரியான எடையில் இருந்து, முதல் வருடத்திலிருந்து எடை ஏறத் தொடங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயின் பாடப் புத்தக வருணனையே அதுதான். எந்த வீட்டில், எந்தத் தாயிடம் வளர்ந்திருந்தாலும் இந்தக் குழந்தைக்கு எடை ஏறியிருக்கும். வயிறு நிரம்பியும் பசிக்கும் குழந்தைக்கு எட்டு வருடம் ‘போதும்’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர் அவர். நானும் சொல்லியிருக்கிறேன் என்று நீங்கள் எழுதிய அந்த வரியை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனையாகவே இதைச் சொல்கிறேன். இனி வரும் வருடங்களில் இந்தக் குழந்தைக்கு நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றாக வேண்டும்.

அதற்காக எடையைக் கைவிட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. சமையலறைப் பூட்டு தேவைப்படலாம். ஆனால் அதைத் தண்டனையாக இல்லாமல், வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விதியாக வையுங்கள். சாப்பாட்டு நேரம் கடிகாரம் மாதிரி நிலையாக இருந்தால், ‘அடுத்தது எப்போது’ என்ற அவளுடைய தவிப்பு குறையும். உடற்பயிற்சியைப் பந்து விளையாட்டில் தேடாதீர்கள். ஓரப் பார்வை குறைந்தவளுக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நீச்சல், ஒருவர் கையைப் பிடித்து நடப்பது, ஒரே இடத்தில் நின்று மிதிக்கும் சைக்கிள் இவையெல்லாம் நல்லது. செட்மெலனோடைட் என்று தினமும் தோலுக்கடியில் போடும் ஊசி ஒன்று இருக்கிறது. மூளையில் அறுந்துபோன அந்தப் ‘போதும்’ சேதியை, அறுந்த இடத்துக்கு அப்பால் போய்த் தூண்டுவது அதன் வேலை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இந்த சிண்ட்ரோமுக்காக அதை அனுமதித்தது. பசியையும் எடையையும் குறைக்கும். கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ எதுவும் செய்யாது. தோலும் மச்சங்களும் கறுக்கும், குமட்டல் வரலாம். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, விலையும் மிக அதிகம். ஹார்மோன் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதையே நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

பார்வை போய்விடுமா என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேட்டிருந்தாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. மழுப்பாமல் சொல்கிறேன். இந்த நோயில் பார்வை பெரும்பாலும் குறைந்துகொண்டே போகும். முதலில் இருட்டில், பிறகு ஓரங்களில், கடைசியில் நடுப் பார்வையும். பதின்ம வயதின் நடுப்பகுதிக்கும் இருபதுகளுக்கும் இடையில் பலர் சட்டப்படி பார்வையற்றவர் என்ற அளவை எட்டுகிறார்கள். சட்டப்படியான பார்வையின்மை என்பது முழு இருட்டு என்று பொருள் அல்ல. எந்த மரபணு பழுது என்பதைப் பொறுத்து வேகமும் மாறும். ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு இருந்தாலும் ஒரே மாதிரி போவதில்லை. இதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்று கிடையாது.

ஒரு எச்சரிக்கை. 2017-இல் அனுமதி பெற்ற கண் மரபணு சிகிச்சை ஒன்றைப் பற்றி யாராவது உங்களுக்குச் செய்தி அனுப்புவார்கள். அது ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கானது, உங்கள் மகளுக்கு உதவாது. அதிக அளவு வைட்டமின் ஏ கொடுத்தால் மாலைக்கண் சரியாகும் என்றும் சொல்வார்கள். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குத்தான் அது மருந்து. இங்கே பலன் தராது, அளவு மீறினால் கல்லீரல் கெடும். ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்வையைத் திருப்பித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.

செய்ய வேண்டியது வேறு. பார்வை நன்றாக இருக்கும்போதே, அது குறைந்தால் தேவைப்படும் திறமைகளைக் கற்றுக் கொடுக்க வேண்டும். கேட்கக் கசப்பாக இருக்கும் என்று தெரியும். பிரெயில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள், வெள்ளைக் கோலோடு தனியாக நடக்கும் பயிற்சி இவற்றை 9 வயதில் விளையாட்டாகக் கற்கும் குழந்தை, 17 வயதில் அதிர்ச்சியோடு கற்பவரைவிட எவ்வளவோ தேவலை. குறைபார்வைப் பயிற்சி மையம் எங்கே என்று கண் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். பள்ளியில் முன் வரிசை, பெரிய எழுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டும் இருக்கை. வெளிச்சத்தில் கண் கூசினால் தொப்பியும் நிறக் கண்ணாடியும். கூடவே, படிப்பில் எங்கே தடுமாறுகிறாள் என்று ஒரு முறை முறையாகச் சோதித்துப் பாருங்கள். பலகை தெரியாமல் தடுமாறும் குழந்தைக்கும், பாடம் புரியாமல் தடுமாறும் குழந்தைக்கும் மதிப்பெண் ஒரே மாதிரிதான் வரும். செய்ய வேண்டிய உதவி வேறு வேறு.

சிறுநீரகத்தைப் பற்றி ஓரளவு நிம்மதியாகவே சொல்லலாம். நீர்க்கட்டி என்றதும் டயாலிசிஸ் வரை யோசித்திருப்பீர்கள். இந்த நோயுள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்குத்தான் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது. அப்படி மோசமாகப் பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோரை மிகச் சிறு வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 9 வயதில் சரியாக இருந்தால் அது நல்ல சேதி. ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றும் பார்க்க வேண்டும். தலைவலி, பல்வலி என்று வலி மாத்திரை தேவைப்பட்டால், சிறுநீரக டாக்டரிடம் கேட்காமல் ஐபுபுரூஃபன் வகை மருந்துகளைக் கொடுக்காதீர்கள். அடுத்த ஸ்கேனில் கருப்பையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பெண் குழந்தைகளில் சிலருக்குப் பிறப்புறுப்புப் பாதை சரியாகத் திறக்காமல் இருக்கும். பருவமடையும் வயதில் ரத்தம் உள்ளேயே தேங்கி வயிற்று வலி வந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இதயத்துக்கு ஒரு எக்கோ, ஒரு முறை போதும். அதில் ஏதாவது தெரிந்தால்தான் மேற்கொண்டு.

மகனைப் பற்றி. இந்த நோய் வர, ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமந்துகொண்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்திருக்கிறீர்கள். நம் எல்லோரிடமும் இப்படிச் சில மரபணுக்கள் பழுதாகத்தான் இருக்கின்றன. ஒன்று முதல் ஒன்றரை லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்பதால், ஒரே மரபணுவில் பழுதுள்ள இருவர் சேர்வது அபூர்வம். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு, ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது.

உங்கள் மகனுக்குக் கூடுதல் விரல் இருந்ததா, எடை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் இல்லை என்றால் அவனுக்கு வாய்ப்பு நாலில் ஒன்றைவிடக் கணிசமாகக் குறையும், பூஜ்யமாகாது. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கூடுதல் விரல் இருப்பதில்லை. முதலில் மகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். அவளிடம் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால், மகனிடம் அதை மட்டும் தேடுவது எளிது. ‘நோய் இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் கேளுங்கள். அவன் சுமப்பவனா என்பது அவன் வளர்ந்து தானே முடிவு செய்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்த்த பிறகே ரத்தம் கொடுங்கள். ஐந்தில் ஒருவர் அளவுக்கு, பரிசோதனையில் எதுவும் சிக்காமலோ, பொருள் தெளிவாகாத மாற்றம் என்ற பதிலோ வருகிறது. அப்படி வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருந்தால், அதையும் அங்கே பேசிவிடுங்கள்.

அப்புறம் அந்த நாலு ஃபைல். நாலு டாக்டர்களையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஃபைல் ஒன்றே போதும். குழந்தை மருத்துவரோ மரபியல் மருத்துவரோ, யாராவது ஒருவர் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். ‘நீங்கள் இவளுடைய மொத்தக் கணக்கையும் பார்த்துக்கொள்வீர்களா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் சம்மதிப்போம், கேட்காவிட்டால் எங்கள் உறுப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவோம். முதல் பக்கத்தில் நோயின் பெயர், கீழே கண், சிறுநீரகம், எடை, ஹார்மோன் என்று தேதியோடு இரண்டிரண்டு வரி. கூடுதல் விரல் எங்கெங்கே இருந்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள். பிறந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் அதையும் ஒட்டிவிடுங்கள்.

மகளிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லுங்கள். முழுக் கதையும் இன்றே வேண்டாம். ‘இருட்டில் உனக்குத் தெரியாததற்கு உன் கண்ணில் ஒரு காரணம் இருக்கிறது. உனக்குப் பசிப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நீ கவனக்குறைவானவளும் இல்லை, பேராசைக்காரியும் இல்லை’ என்ற அளவில் போதும். இரண்டு வருடமாக ‘பார்த்து நட’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தை அவள். மீதியை அவளே ஒவ்வொன்றாகக் கேட்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவள் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுக்க ஒரு விளக்கு எரியட்டும். படிகளின் ஓரத்தில் பளிச்சென்று தெரியும் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள். அவளுக்கென்று ஒரு டார்ச் வாங்கிக் கொடுங்கள், எந்த நிறம் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும்.